அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிய பிறகு

ராயபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய என் சிறுகதையை அங்கே வாசித்தேன். முடித்ததும் எல்லாரும் வழக்கம்போல நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் சற்று நேரம் கழித்து, "கதை சரிதாம்மா. ஆனா கூடைக்காரம்மா, போட்டு ஓனரு, ஐஸ்காரன் மூணு பேரும் உங்க ஆபீஸ்ல ஒரே டேபிள்ல குந்தினு வேல பாக்குற மாதிரி கீது" என்றார். நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபது ஆண்டுகளாகக் கணக்கும் கடிதமும் எழுதுகிறவள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றிரவு தண்டையார்பேட்டை வீட்டில் கதையை மறுபடி எடுத்துப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கதையில் என் கூடைக்காரி பேசிய ஒரு வசனம் இது: "இன்னா நைனா, இம்மாம்பெரிய வஞ்சிரத்துக்கு இன்னா வெல சொல்றே? எங்க வாழ்க்கையும் இந்தக் கடல் மாதிரிதான், எப்போ பொங்கும் எப்போ அடங்கும்னு யாருக்குத் தெரியும்?" முதல் வாக்கியத்தில் உள்ள 'இன்னா'வும் 'நைனா'வும் நான் பிறந்து வளர்ந்த தெருவின் சொற்கள்தாம், அவற்றில் பிழை இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியம், விலை படியுமா என்ற கவலையோடு அதிகாலை நான்கு மணிக்கு ஈரத் தரையில் நிற்கும் ஒருத்தியின் வாயில் வரக்கூடியதே அல்ல. மாலையில் வீடு திரும்பி, குளித்து, காப்பி குடித்துவிட்டுக் கடலைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்த எனக்குத்தான் அது வரும். வடசென்னையைப் பற்றி எழுதுகிற பலருக்கும், இங்கேயே பிறந்தவர்களுக்கும்கூட, இந்த வியாதி உண்டு. வட்டார வழக்கைத் தூவிவிட்டால் குரல் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரே தெருவில் ஒரே 'இன்னா'வைச் சொல்லும் நூறு பேருக்கு நூறு விதக் குரல் இருப்பதைத் தினமும் காதால் கேட்டுக்கொண்டே, பேனாவை எடுத்ததும் மறந்துபோகிறோம்.

இதற்கு மருந்து நடிப்பில் இருக்கும் என்று நான் தேடிப் போகவில்லை. மறு ஆண்டு கோடையில் எங்கள் குழு அந்தக் கதையையே இருபது நிமிட நாடகமாக்கித் தெருவில் நடிக்கலாம் என்று முடிவு செய்தது. நவீன நாடகக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் இருந்த ஒரு தம்பி பயிற்சி கொடுக்க வந்தார். கூடைக்காரியாக நடிக்க இருந்த பெண்ணுக்கு இரண்டு வாரம் முன்னதாக அம்மை போட்டுவிட்டது. "எழுதினவங்களுக்குத்தான் வசனம் மனப்பாடமா இருக்கும், நீங்களே நில்லுங்க அக்கா" என்று என்னை எழுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றேன். மூன்றாவது வசனத்தின் நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. நான் எழுதிய வாக்கியத்தை என்னாலேயே பேச முடியவில்லை என்ற வெட்கத்தோடு தாளைப் பார்த்தால், பேச்சுக்கு நடுவே 'என்பதை எண்ணிப் பார்க்கையில்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. இருபது ஆண்டு அலுவலகக் கடிதம் என் கூடைக்காரியின் வாய்க்குள் புகுந்திருந்தது. அந்தத் தம்பி வசனத்தைத் திருத்தவில்லை. "இதை நீங்க யாருகிட்ட சொல்றீங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

1898-இல் நெமிரோவிச் டான்செங்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நடிகர் வாயைத் திறக்கும் முன் அந்தப் பாத்திரத்தின் சூழல் முழுவதையும் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர். யார், எங்கே, எந்த வேளையில், இதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பனவெல்லாம் அதில் அடங்கும். தம்பி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. சங்க அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ செவிலியோ தலைவனோ ஒருவர், ஒரு குறிப்பிட்ட வேளையில், இன்னொருவரிடம் அல்லது இன்னொருவர் காதில் விழும்படி பேசுகிறார். பாடலோடு சேர்த்து அச்சிடப்படும் கூற்றுக் குறிப்பு, இது தலைவி தோழிக்குச் சொன்னது, அவன் சொன்ன பருவம் வந்தும் வராதபோது சொன்னது என்று ஒற்றை வரியில் அத்தனையையும் தந்துவிடும். அந்த வரியை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய நான், என் கதையில் யாருக்கும் அப்படி ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அன்றே எழுதினேன்: 'தடைக்காலம் முடிந்த ஐந்தாம் நாள் விடியலுக்கு முன், தண்டல்காரருக்கு இரண்டு மாதப் பாக்கி வைத்திருக்கும் கூடைக்காரி, ஒரு காலத்தில் தன் தெருவில் குடியிருந்த படகு முதலாளியிடம் மாலை வரை கடன் கேட்டது.' இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் கதையே மாறிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் அவளுக்குக் கிடைத்தது ஃபைபர் போட்டில் வரும் சிறு மீன்தான். முதலாளியும் அந்த இரண்டு மாதம் படகைக் கரையில் ஏற்றிப் பழுது பார்த்துக் கடன் பட்டவர்தான். அப்படியானால் அங்கே நிற்பது ஏழையும் பணக்காரரும் அல்ல; ஒருவரையொருவர் அறிந்த இரண்டு கடன்காரர்கள். முதல் வரைவில் இந்தச் செய்தி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் தடைக்காலத்தில் மீன் விலையைக் கண்டு முகம் சுளித்த எனக்கு, அது தெரியாத விஷயமும் அல்ல.

அடுத்து, வசனம் ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் ஒரு வினைச்சொல் எழுதச் சொன்னார் தம்பி. அந்த வசனத்தால் பேசுகிறவர் எதிராளியை என்ன செய்கிறார் என்பது அந்த வினையில் இருக்க வேண்டும். கெஞ்சுகிறாள், மடக்குகிறாள், பழைய கணக்கை நினைவூட்டுகிறாள், பிறர் முன் வெட்கப்பட வைக்கிறாள், இறங்கி வருவதாக நடிக்கிறாள் என்று வர வேண்டும். 'சொல்கிறாள்', 'வருந்துகிறாள்' செல்லாது. என் நாடகத்தில் கூடைக்காரிக்கு முப்பத்தொரு வசனம். அவற்றில் பத்தொன்பதுக்கு எதிரே என்னால் எழுத முடிந்த ஒரே வினை 'வாசகருக்குத் தெரிவிக்கிறாள்' என்பதுதான். புருஷன் எப்போது இறந்தான், மகள் எந்த வகுப்பு படிக்கிறாள், வாடகை எவ்வளவு என்று, முதலாளிக்கு முன்பே தெரிந்த விஷயங்களை எல்லாம் அவள் அவரிடமே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதையும் அடித்தேன். தாள் முழுக்கக் கோடாகிவிட்டது. கதை மூச்சு விட ஆரம்பித்தது. இன்றுவரை நான் விடாமல் செய்யும் பயிற்சி இது ஒன்றுதான். வேறு எதற்கும் நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மீன் விற்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். ஒத்திகைக்காக அவரிடம் பழைய அன்னக்கூடை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடித்தால் வெறும் கூடை மாதிரியே இருக்கிறது என்று தம்பி சொல்லவே, அதில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து, கிழிந்த நூல் புடவையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, இரண்டு பேர் பிடித்துத் தலையில் ஏற்றினார்கள். ஏற்றிய அரை நிமிடத்தில் முதல் செய்தி தெரிந்தது: தலையாட்ட முடியாது. நாம் பேசும்போதும் கேட்கும்போதும் எவ்வளவு தலையாட்டுகிறோம் என்பது, ஆட்ட முடியாதபோதுதான் தெரிகிறது. ஆமாம் என்பதையும் இல்லை என்பதையும் இனி வாயால்தான் சொல்லியாக வேண்டும், அல்லது கண்ணால். ஒருவரைத் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் காலிலிருந்து மொத்த உடம்பும் திரும்ப வேண்டும். ஆகவே திரும்புவது ஒரு முடிவாகிவிடுகிறது. கழுத்து நரம்பு இறுகியிருப்பதால் நீண்ட வாக்கியம் வரவே மறுக்கிறது. மூன்று நான்கு சொல், ஒரு மூச்சு, மறுபடி மூன்று நான்கு சொல். சிரித்தால் கூடை ஆடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி, கூடையைத் தானாக இறக்க முடியாது என்பது. "ஒரு கை புடி" என்று யாரையாவது கேட்டே ஆக வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சிறு வயதிலிருந்து எங்கள் வாசலில் பெரியம்மா கேட்டுவந்த "எறக்கவா?" என்ற ஒற்றைச் சொல்லின் பொருள். கை கொடுத்துக் கூடையை இறக்கிவிட்ட வீட்டுக்காரி பிறகு வாங்காமல் அனுப்ப மாட்டாள். பேரம் அந்த ஒரு கையிலேயே பாதி முடிந்துவிடுகிறது. அம்மா ஏன் சில நாள் கதவருகிலேயே நின்று, கூடையைத் தொடாமல், "இன்னிக்கு வேணாம் போ" என்று சொல்வார் என்பதும் புரிந்தது. என் கதையில் கடலையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது முதலாளியின் எதிரே நின்று, "கூடைய எறக்கவா வேணாவா, அத்த மட்டும் சொல்லு" என்றாள். அந்த வசனத்தை நான் யோசித்து எழுதவில்லை. கழுத்து வலியில் வாயில் வந்தது. (வலி இரண்டு நாள் இருந்தது. நாற்பதைக் கடந்தவர்கள் ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

முதலாளி பாத்திரத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாணவர் மிகயீல் செகாவ், ஒரு பாத்திரத்தின் உள்ளே ஓடும் விருப்பம் முழுவதையும் ஒற்றை உடலசைவாகச் சுருக்கிப் பழகும்படி நடிகர்களுக்குச் சொல்லித் தந்தவர். அந்த அசைவு மேடையில் தெரிய வேண்டியதில்லை. முதலாளியாக நடித்தவர் பல அசைவுகளைச் செய்து பார்த்து, கடைசியில் மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டும் அசைவில் வந்து நின்றார். நான் அந்த லுங்கியைக் கதையில் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனால் அவருடைய பேச்சு அந்த அசைவைப் போலவே ஆகிவிட்டது: பாதியில் அவிழும், மறுபடி முதலிலிருந்து இறுக்கிக் கட்டப்படும்.

வாக்கியத்தின் நடையைப் பற்றி நான் கற்றது என் வீட்டு மொட்டை மாடியில். இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 1969-இல் குரல் பயிற்சியாளராகச் சேர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றிய சிசிலி பெர்ரியின் பயிற்சிகளில் ஒன்று, வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடப்பதும், நிறுத்தக்குறி வரும் இடத்திலெல்லாம் சட்டென்று திசை திரும்புவதும். இரவு ஒன்பது மணிக்குமேல் துணிக் கொடிகளுக்கு நடுவே இதைச் செய்தேன். பக்கத்து மாடியிலிருந்து அத்தை ஒருவர், "இன்னாமே, எத்தையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் இரண்டு நாள் பலன் ஒன்றும் தெரியவில்லை. என் காற்புள்ளிகள் கண்ணுக்காகப் போட்டவை. மூச்சுக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. பிறகு பயிற்சியைத் தமிழுக்கு ஏற்றாற்போல மாற்றிக்கொண்டேன். நிறுத்தக்குறிக்குப் பதிலாக வினையெச்சம் வரும் இடத்தில் திரும்பினேன். வினைமுற்று வந்தால் நின்றேன்.

அதன் பிறகு கண் திறந்தது. தமிழில் ஒருவர் 'போய், பார்த்து, கேட்டு, வாங்கி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். முற்று அவர் கையில் இருக்கிறது. நடுவில் யாரும் வெட்டமாட்டார்கள் என்ற தைரியம் உள்ளவருக்குத்தான் அந்த அடுக்கு வரும். பஞ்சாயத்தில் பேசும் பெரியவருக்கு வரும், கூட்டத்தில் மைக் பிடித்தவருக்கு வரும். எந்த நேரமும் வெட்டப்படலாம் என்று பழகியவர் முற்றை முன்னால் தூக்கி வைத்துவிடுவார்: "குடு நைனா, சாயங்காலம் தந்துர்றேன்." கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகுதான் காரணம் வரும். என் முதல் வரைவில் இருவருமே எச்சங்களை நிதானமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வரைவில் முதலாளி, "டீசல் அடிச்சி, ஐஸ் ஏத்தி, ஆளுங்களுக்கு முன்பணம் குடுத்து, உள்ள போயி ரெண்டு ராத்திரி கெடந்து, வலை கிழிஞ்சி வந்து..." என்று போய்க்கொண்டிருக்கும்போது, முற்று வருவதற்கு முன் அவள், "வலை கிழிஞ்சதுக்கு நானா காரணம்?" என்று வெட்டுகிறாள். அந்த வெட்டில்தான் அவள் யாரென்று தெரிகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த சோதனை ஒன்று உண்டு. உரையாடலை எழுதிய பிறகு, அதிலுள்ள வட்டார வழக்கை எல்லாம் எடுத்துவிட்டு, செய்தித்தாள் தமிழில் ஒருமுறை மாற்றி எழுதிப் பார்ப்பேன். பெயரை மறைத்தும் யார் பேசுகிறார் என்று தெரிந்தால் குரல் இருக்கிறது. வழக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தெரியாவிட்டால் எத்தனை 'கீது' போட்டும் பயனில்லை.

யார் உயரத்தில், யார் தாழ்வில் என்ற விளையாட்டையும் நடிப்புப் பயிற்சியில் நிறைய ஆடினோம். முன்தயாரிப்பில்லாத நடிப்பைக் கற்றுத்தந்த கீத் ஜான்ஸ்டன் வழியில் வந்த பயிற்சி அது. இதை மட்டும் தமிழ் எழுத்தாளருக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன், ஏனெனில் நம் வினைமுற்றிலேயே அது தொங்குகிறது. வா, வாம்மா, வாய்யா, வாங்க என்பவற்றில் எது எப்போது எதுவாக மாறுகிறது என்பதைக் கவனித்தால் போதும். ஒரு எச்சரிக்கை: எங்கள் பக்கத்தில் பெற்ற தாயையும் அண்டை வீட்டுப் பெரியவரையும் 'நீ' என்பது நெருக்கம். வெளியிலிருந்து வந்து எழுதுகிறவர்கள் அதை மரியாதைக் குறைவாக எழுதுகிறார்கள். இங்கே பழகியவர் திடீரென்று 'நீங்க' என்று பேசத் தொடங்கினால்தான் பயப்பட வேண்டும்.

எல்லாப் பயிற்சியும் எனக்கு நன்மை செய்யவில்லை. உணர்ச்சி நினைவு என்று ஒன்று உண்டு. நடிகர் தன் சொந்த வாழ்வின் ஒரு துயரத்தை நினைவில் தோண்டி எடுத்து, அந்த உணர்ச்சியைப் பாத்திரத்துக்குக் கொடுப்பது. அப்பா இறந்ததைப் பற்றிக் கதை எழுத முடியாமல் நான்கு ஆண்டு தள்ளிப்போட்டிருந்தவள், இதைக் கேட்டதும் ஓர் இரவு கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய பழைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அழுது அழுது பதினான்கு பக்கம் எழுதினேன். மாடியில் அதை வாசித்தபோது எல்லாரும் மரியாதையாக மௌனம் காத்தார்கள். தம்பி மட்டும் கீழே இறங்கும்போது மெதுவாக, "நீங்களே அழுது முடிச்சிட்டீங்க அக்கா. படிக்கிறவங்களுக்கு மிச்சம் ஒண்ணும் வெக்கல" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

1938-இல் இறந்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசி ஆண்டுகளில், உணர்ச்சியை நேராகப் பிடிக்க முயல்வதைவிட உடலால் செய்யும் சின்னச் செயல்களின் வரிசையைப் பிடித்தால் உணர்ச்சி தானாகத் தொடரும் என்ற பக்கம் நகர்ந்தார். இதைத் தெரிந்துகொண்டபோது, மறுபடியும் பழைய பாடப் புத்தகம்தான் கை கொடுத்தது. தொல்காப்பியம் எட்டு உணர்வுகளைச் சொல்லும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்றே பெயர். மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. அந்த இயல் ஒவ்வோர் உணர்வுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம், வகுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுத்தப்பட்டதும் அழுகைதான், ஒன்றை இழந்ததும் அழுகைதான், பழைய நிலையிலிருந்து தாழ்ந்ததும் இல்லாமையும் அழுகைதான். ஆனால் நான்கும் ஒன்றல்ல. என் பதினான்கு பக்கமும் இழவைப் பற்றியே அழுதன. உண்மையில் அந்த நாளில் என் தொண்டையை அடைத்தது எது என்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு மருத்துவமனையின் வராந்தாவில், ஒரு கையெழுத்துக்காக என்னை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்பாவின் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் என் கையில் இருந்தது. அதைத் தரையில் வைத்தால் யாராவது குப்பை என்று பெருக்கிவிடுவார்கள். பெஞ்சில் வைத்தால் உட்கார்ந்திருப்பவர்கள் முறைப்பார்கள். இழவல்ல, இளிவு.

கதையை அந்தச் செருப்பை எங்கே வைப்பது என்பதாக மாற்றி எழுதினேன். ஆறு பக்கம் வந்தது. யாரும் அழவில்லை. முதல் வரைவில் அப்பா பேசிய இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறி போட்டு வைத்திருந்தேன், ஏனென்றால் அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அவர் பெரம்பூர்ப் பக்கம் ஒரு நெசவாலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஆயுளைக் கழித்தவர். கண்டெய்னர் லாரிகளும் அலையும் ஏலக் கூச்சலும் உள்ள ஊரில், உரத்த பேச்சு கோபமல்ல, வேலையின் மிச்சம். ரகசியத்தைக்கூட எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்ன அவர் தணிந்த குரலில் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது அந்த வார்டில்தான். ஆச்சரியக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தத் தணிந்த குரலை மட்டும் ஒரே ஓரிடத்தில் வைத்தேன்.

கதைசொல்லியும் ஒரு பாத்திரம்தான் என்பதை நான் தெருக்கூத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கூத்தில், கட்டியங்காரன் வேடம் கட்டியவர் ராஜாவோடும் பேசுவார், எங்களோடும் பேசுவார், நடுவில் டீக்கடைக்காரரையும் கிண்டல் செய்வார். திரைக்குப் பின்னிருந்து வரும் ராஜாவோ, தன்னையே வேறொருவர்போல 'வந்தான்' என்று பாடி அறிமுகம் செய்துகொள்வார். 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி முதலில் சிறுகதை எழுத்தாளர் என்பதும், கூத்து அவரை இழுத்துக்கொண்டது என்பதும் எனக்கு இதனால்தான் வியப்பாக இல்லை. 'அவள்' என்று எழுதும் கதையில் அந்த 'அவள்' என்பதை யார் சொல்கிறார், அவர் அந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்யாமல் இப்போதெல்லாம் நான் முதல் வரியை எழுதுவதில்லை. மீன் கதையைச் சொல்பவர் ஐஸ் உடைக்கும் பையன். அவனுக்குப் பதினாறு வயது. அவனுக்குக் கடலைப் பற்றி எந்தத் தத்துவமும் கிடையாது.

நடித்து எழுதுவதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. நான் ஒரு வருடம் அதில் கிடந்தேன். நான் எழுதியதை நானே உணர்ச்சியோடு சொல்லி, போனில் பதிவு செய்து, வேலைக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவில் கேட்பேன். பிரமாதமாக இருக்கும். தாளில் படித்தவர்களுக்கு அப்படி இல்லை. நடிகருக்கு முகமும் தொண்டையும் இருக்கின்றன. சப்பையான வசனத்தையும் அவை தூக்கி நிறுத்திவிடும். வாசகரிடம் போய்ச் சேருவது மையில் உள்ளது மட்டுமே. இப்போது பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகனிடம் தாளைக் கொடுத்துவிடுகிறேன். அவன் ரேஷன் கடைப் பலகையில் சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்பு என்று படிப்பதுபோல ஒரே சுருதியில் படித்து முடிப்பான். அந்த வாசிப்பிலும் ஒரு வரி நிமிர்ந்து நின்றால் அது பிழைத்தது. அவன் படிக்கும்போது எனக்கு எங்கெல்லாம் குறுக்கிட்டு, 'அப்படி இல்லடா, இப்படி' என்று சொல்லிக்காட்டத் தோன்றுகிறதோ, அங்கெல்லாம் ஏதோ இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது, தாளுக்கு வரவில்லை என்று கோடு போட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு, போன வருடம் மீன் கதையின் கடைசி வடிவத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மதியம் வியாபாரம் முடித்து, கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடையின் மேல் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். கூடையை இறக்கும் இடத்தில் "ம்" என்றார். முதலாளியின் டீசல் புலம்பலுக்குச் சிரித்தார். கடன் கேட்கும் வசனம் வந்தது. நான் பதினொரு முறை திருத்திய வசனம், முற்றை முன்னால் வைத்து, ஒரு சொல் மிகாமல் செதுக்கியது. பெரியம்மா வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கடன் கேக்கசொல்ல வாயத் தொறக்கவே கூடாது கண்ணு. சுருக்குப்பைய அவுத்து, இருக்கற துட்ட அவன் கண்ணெதிர்ல எண்ணணும். ஒரு தபா எண்ணக்கூடாது, நாலு தபா எண்ணணும். அப்பால அவனே சொல்லுவான், போய்ட்டு சாயங்காலம் வா'ன்னு."

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை அடித்தேன். இப்போது அந்த இடத்தில் அவள் பேசுவதில்லை. மூன்றாவது முறை எண்ணும்போது ஒரு பத்து ரூபாய்த் தாள் ஈரத்தில் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. பிரித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.